பிள்ளைக் காம்பராவில் ஒரு பாட்டுக் கடிகாரம்

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நேரம் காது வழியாகத்தான் வந்தது. விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கும். லயத்து அடுப்புகள் புகையத் தொடங்கும். பிறகு ஃபாக்டரிச் சங்கு. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1824இல். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அந்த மலைகளில் வேலைக்கு வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோரிடம் கைக்கடிகாரம் கிடையாது. ஓசை கேட்டு எழுந்தார்கள், ஓசை கேட்டு மலைக்கு ஏறினார்கள்.

மணி பார்க்கத் தெரியாத ஒரு கூட்டம் அந்தத் தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுக்கப் போனபின் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் கைக்குழந்தைகளும் ஐந்து வயதுக்கு உட்பட்ட வாண்டுகளும்தான் அந்தக் கூட்டம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இவற்றைச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்கிறது. பலகையில் எழுதியிருப்பதும் அதுதான். தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புஸ்ஸல்லாவையிலும் ஆட்கள் வாயில் அது இன்னமும் பிள்ளைக் காம்பராதான்.

அங்கே பொறுப்பாக இருப்பவர் ஒரே சமயத்தில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கையாள வேண்டும். ஒன்றுக்குப் பால், ஒன்றுக்குச் சோறு, ஒன்றுக்குத் தூக்கம், இன்னொன்றுக்கு எதுவுமே வேண்டாம், அம்மாதான் வேண்டும். “இன்னும் பத்து நிமிஷத்தில் சாப்பாடு” என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. அதற்குப் பத்தும் தெரியாது, நிமிஷமும் தெரியாது. ஆனால் தினமும் சோற்றுக்கு முன்னால் பாடும் பாட்டு தெரியும். அது தொடங்கினால் அடுத்து என்ன வரும் என்பது தெரியும். எந்த வரியில் முடியும் என்பதும் தெரியும். குழந்தைக்குப் பாட்டு எப்படிக் கடிகாரமாகிறது என்பதைக் கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் ஓரளவு விளக்கிவிட்டன. அவற்றைப் பிள்ளைக் காம்பராவின் ஒரு நாளோடு சேர்த்துப் பார்க்கலாம்.

காலையில் முதல் சிக்கல் பிரிவு. அம்மாவின் சேலையை விடாத பிள்ளையை எப்படி அமைதிப்படுத்துவது? மொன்றியால் பல்கலைக்கழகத்தில் மரியேவ் கோர்பேய், சாண்ட்ரா ட்ரேஹப், இசபெல் பெரெட்ஸ் ஆகிய மூவரும் இதற்கு நெருக்கமான ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்குப் பேச்சையும் பாட்டையும் பதிவுகளாக ஒலிக்கவிட்டு, அவர்கள் முகம் சுளித்துச் சிணுங்கத் தொடங்கும்வரை நேரத்தைக் குறித்தார்கள். பேச்சைக் கேட்ட குழந்தைகள் சுமார் 4 நிமிடம் தாங்கினார்கள். பாட்டைக் கேட்டவர்கள் சராசரியாக 9 நிமிடம் தாங்கினார்கள். அது துருக்கி மொழிப் பாட்டு. அந்தக் குழந்தைகளின் வீடுகளில் யாரும் பேசாத மொழி அது.

இந்த முடிவை உற்றுப் பார்த்தால் ஒரு நுணுக்கம் தெரியும். பாட்டு அழுகையைத் தள்ளிப்போட்டது; அழுகிற பிள்ளையை அது தேற்றியதா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை. அழத் தொடங்கிய குழந்தையைத் தேற்றுவதில் தெரிந்த பாட்டுக்கே வலிமை அதிகம் என்று லோரா சிரெல்லியும் ட்ரேஹப்பும் 2020இல் காட்டினார்கள். ஆகவே வாசலில் பிள்ளையைக் கையில் வாங்கும்போதே பாடத் தொடங்குவது நல்லது. முந்திக்கொண்டு அழுதுவிட்டால், வீட்டில் அம்மாயி பாடும் பாட்டு எது என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருப்பது கைகொடுக்கும்.

அடுத்தது பைப்படி. சவர்க்காரம் போட்டுக் குறைந்தது 20 விநாடி கையைத் தேய்க்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையினரின் அறிவுரை. 2020இல் கொரோனா வந்தபோது, பிறந்தநாள் பாட்டை இரண்டு தடவை பாடினால் கணக்குச் சரியாக இருக்கும் என்று உலகமெங்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு 20 என்பது வெறும் ஓசை. “பாட்டு முடியும்வரை தேய்” என்பது செய்யக்கூடிய காரியம்.

பாட்டு நேரத்தை அளக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? ஒருவர் ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் இழுத்தும் பாடலாம் அல்லவா? ட்ரேஹப்பும் டோன்யா பெர்கெசனும் தாய்மார் ஒரே பாட்டை ஒரு வார இடைவெளியில் தம் குழந்தைக்குப் பாடியதைப் பதிவுசெய்து 2002இல் ஒப்பிட்டார்கள். வேகமும் சுருதியும் ஏறத்தாழ அப்படியே இருந்தன. இசைப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர் அவர்கள். தினம் பாடிப் பாடிப் படிந்துபோன பழக்கம் அது. கேட்கும் காதும் ஆரம்பத்திலிருந்தே தயாராக இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாளத்தை ஒலிக்கவிட்டு, அவர்களின் மூளை மின்னலைகளை இஸ்த்வான் விங்க்லரின் குழு பதிவுசெய்தது. தாளத்தின் முதல் அடியை வேண்டுமென்றே விட்டபோது, எதிர்பார்த்த ஒன்று வராததைப் போல மூளை அதிர்ந்தது. 2009இல் வெளியான முடிவு இது. அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு பேச்சுக்கு வெகு முன்னதாகவே வந்துவிடுகிறது.

கை கழுவப் புதிதாகப் பாட்டுத் தேட வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தெரிந்த மெட்டில் செய்கையை வரிசையாகச் சொன்னால் போதும்:

உள்ளங்கை ரெண்டும் தேய் தேய்
புறங்கை ரெண்டும் தேய் தேய்
விரலிடுக்கில் நுழை நுழை
கட்டை விரலைச் சுற்று சுற்று

இரண்டு தடவை நிதானமாகப் பாடினால் விரலிடுக்கும் விடுபடாது, நேரமும் குறையாது. இங்கே பாட்டு இரண்டு வேலை பார்க்கிறது: எவ்வளவு நேரம் என்பதையும் சொல்கிறது, எதற்குப் பின் எது என்பதையும் சொல்கிறது. ஒவ்வொரு படியாக வாயால் ஏவிக்கொண்டிருந்தால் அது அதட்டலில் போய் முடியும்.

சோறு முடிந்தால் விளையாட்டு. இந்த இடத்தில் தமிழில் ஏற்கெனவே பெரிய கையிருப்பு உண்டு. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. செங்கீரைப் பருவம், ஒரு காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் வயது. சப்பாணி, இரு கையையும் சேர்த்துத் தட்டும் வயது. வருகை, தளர்நடை போட்டு வரும் வயது. செங்கீரைக்கு 5, சப்பாணிக்கு 9, வருகைக்கு 13 என்று மாதக் கணக்கும் பொதுவாகச் சொல்வதுண்டு. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளை அளந்து 2006இல் வெளியிட்ட கணக்கில், தானாக நடக்கத் தொடங்கும் நடு வயது 12 மாதத்தை ஒட்டி வருகிறது. 8 மாதம் முதல் 17 மாதம் வரையிலும் இயல்பே. கைதட்டல் பெரும்பாலும் ஒன்பதாம் மாதத்தை ஒட்டியே தொடங்குகிறது. புலவர்கள் கடவுளையும் அரசரையும் குழந்தையாக்கிப் பாடினார்கள் என்றாலும், அவர்கள் கண் வீட்டுத் திண்ணையில் தவழ்ந்த பிள்ளைமேல் இருந்திருக்கிறது. அவர்களுக்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனுக்கு இதையெல்லாம் பாடிவிட்டார்.

சாய்ந்தாடுதல், கைவீசுதல், கைதட்டல், தட்டாமாலை சுற்றுதல் என்று வீட்டு விளையாட்டுகளில் பாட்டும் உடலும் பிரியாமலே வருகின்றன. உட்காரப் பழகும் பிள்ளைக்குச் சாய்ந்தாடுவது முதுகெலும்பின் சமநிலைக்குப் பயிற்சி. இரு கையும் உடலின் நடுக்கோட்டில் வந்து சந்திக்கும் கைதட்டல், பின்னால் கோப்பையை ஒரு கையால் பிடித்து மறு கையால் மூடுவதற்கு அடிப்படை. எதற்காக என்று தெரியாமலே பாட்டிமார் சரியான மாதத்தில் சரியான பாட்டைக் கையிலெடுத்தார்கள்.

சேர்ந்து ஆடுவதில் இன்னொரு பலனும் இருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சிரெல்லி, கேத்லீன் ஐனர்சன், லாரல் ட்ரெய்னர் ஆகியோர் 14 மாதக் குழந்தைகளை ஒருவர் மார்போடு கட்டிக்கொண்டு பாட்டுக்கேற்பக் குலுக்கச் செய்தார்கள். எதிரே நின்ற ஆய்வாளரும் ஆடினார்: சிலருக்கு அதே தாளத்தில், சிலருக்குத் தாளம் தப்பி. பிறகு அந்த ஆய்வாளர் கையிலிருந்த பொருளைத் தவறவிட்டதுபோல் கீழே போட்டார். தாளம் சேர ஆடியவருக்குக் குழந்தைகள் கூடுதலாக எடுத்துக்கொடுத்தன. 2014இல் வெளியானது இந்த ஆய்வு. அதற்கு நான்கு ஆண்டு முன், ஜெர்மனியின் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் நான்கு வயதுப் பிள்ளைகள் 96 பேரை இரண்டிரண்டாக விளையாட விட்டார்கள். சேர்ந்து பாடி ஆடிய சோடிகள், பாட்டில்லாமல் அதே கதையை விளையாடிய சோடிகளைவிடப் பின்னர் ஒருவருக்கொருவர் அதிகம் உதவின. பொம்மைக்கு அடித்துக்கொள்ளும் வயதில் இது சின்ன விஷயமில்லை.

இனி மொழி. கேம்பிரிட்ஜ், டப்ளின் ஆய்வாளர்கள் 50 குழந்தைகளை 4, 7, 11 மாதங்களில் மூன்று தடவை சோதித்தார்கள். ஓர் ஆசிரியை 18 மழலைப் பாட்டுகள் பாடும் காணொளியைக் காட்டி மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். தனித்தனி ஒலிகளை மூளை பிரித்தறிவது ஏழாம் மாதத்தை ஒட்டித்தான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. அப்போதும் மெதுவாகவே கூடியது. 2023இல் வெளிவந்த இந்த முடிவை வைத்து, குழந்தைக்கு முதலில் பிடிபடுவது பேச்சின் தாளமே என்று உஷா கோஸ்வாமியின் குழு வாதிடுகிறது. சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்டும் குறி தாளத்தில் இருக்கிறது. பாட்டு அந்தத் தாளத்தைப் பெரிதாக்கித் தருகிறது.

எழுத்தறிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஒக்ஸ்ஃபோர்டில் பீட்டர் பிரையன்டும் தோழர்களும் 64 பிள்ளைகளை மூன்றேகால் வயதிலிருந்து மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதில் மழலைப் பாட்டு அதிகம் தெரிந்திருந்தவர்கள் ஆறு வயதில் நன்றாக வாசித்தார்கள். குடும்பப் பின்னணியையும் நுண்ணறிவையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 1989இல் வந்த இந்த முடிவு ஆங்கிலப் பிள்ளைகளைப் பற்றியது. தமிழ் எழுத்து வேறு மாதிரி: ‘க’வும் ‘கா’வும் ‘கி’யும் ஒவ்வொன்றும் ஓர் ஒலிக்கூட்டைக் குறிக்கும். இதே அமைப்புள்ள கன்னடத்தில் சொனாலி நாக் செய்த ஆய்வு, அசையளவில் ஒலியைப் பிரிக்கும் திறன் பிள்ளைகளுக்கு முந்தியும், தனி ஒலியளவில் பிரிக்கும் திறன் வெகு பிந்தியும் வருவதைக் காட்டியது. அசைக்கு ஒரு தட்டு வீதம் கைதட்டிப் பாடுவது அப்படிப்பட்ட எழுத்துக்கு நேரான ஆயத்தம். எதுகையும் மோனையும் அடுக்கி வரும் பாட்டில் பிள்ளை யாரும் சொல்லாமலே ஒத்த ஒலிகளைப் பொறுக்கிக்கொள்ளும். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுகள் பல தலைமுறை இலங்கைப் பிள்ளைகளின் நாவில் ஒட்டிக்கொண்டதற்குப் பொருளோடு இந்த ஓசையும் காரணம்.

மதியம் தூக்கம். கூரைக் கம்பியில் சேலைத் தொட்டில். பக்கத்தில் ஓர் இழுத்த பாட்டு. கண்டியில் தமிழ்ப் பிள்ளையைச் சிங்களப் பெண்மணி தூங்கவைப்பதும், சிங்களப் பிள்ளையைத் தமிழ் ஆயா தூங்கவைப்பதும் புதுமையல்ல. மொழி புரியாத தாலாட்டு வேலை செய்யுமா? ஹார்வர்டில் கோன்ஸ்டன்ஸ் பெயின்பிரிட்ஜ், மிலா பெர்டோலோ, சாமுவேல் மெர் ஆகியோரின் குழு 144 குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டேயிராத பல மொழிகளின் தாலாட்டுகளையும் மற்றப் பாட்டுகளையும் ஒலிக்கவிட்டது. தாலாட்டின்போது இதயத் துடிப்பு இறங்கியது; கண்மணியின் விரிவு குறைந்தது. மெதுவான வேகம், சிறிய சுருதி வீச்சு, திரும்பத் திரும்ப வரும் மெட்டு ஆகியவற்றை உடல் மொழிபெயர்ப்பின்றி வாங்கிக்கொள்கிறது. ஹந்தானையில் பாடினாலும் கட்டுகஸ்தோட்டையில் பாடினாலும் சிங்கள ‘நளவிலி’யும் தமிழ் ஆராரோவும் குழந்தையின் நெஞ்சுக்கூட்டுக்குள் செய்யும் வேலை ஒன்றே.

பாடுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. மலையக நாட்டார் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அந்தப் பாடல்களில் கங்காணியும் வருவான், துரையும் வருவான், கடனும் களைப்பும் வரும். தாலாட்டின் சொற்கள் பலவும் குழந்தைக்காகச் சொல்லப்படுபவை அல்ல. அம்மா தன் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் இடம் அது. 2018இல் டெய்சி ஃபான்கோர்ட்டும் ரோசி பெர்க்கின்ஸும் வெளியிட்ட இங்கிலாந்து ஆய்வில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்ட தாய்மார் குழந்தையோடு கூடிப் பாடும் வகுப்புகளுக்கு வந்தார்கள். அவர்களில் சோர்வு கூடுதலாக இருந்தவர்கள், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற அதே நிலைத் தாய்மாரைவிட விரைவாகத் தேறினார்கள்.

மாலையில் பிள்ளை வீடு திரும்பும். அங்கே பாட்டுக்குப் போட்டியாக இருப்பது போன். அடுப்பு வேலை முடியும்வரை பாட்டுக் காணொளியைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவது மலையகத்தில் மட்டும் நடப்பதல்ல. பதிவுசெய்த பாட்டும் குழந்தையைச் சற்று நேரம் அமைதியாக வைத்திருக்கும். மொன்றியால் ஆய்வில் ஒலித்ததே பதிவுதான். மொழி என்று வரும்போது கதை மாறுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 தடவை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. திரை காத்திருக்காது. குழந்தை கையை உயர்த்தினால் வரியை நிறுத்தாது, சிரித்தால் திரும்பப் பாடாது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

இவ்வளவும் படித்தபின், பாட்டு பிள்ளையைக் கெட்டிக்காரனாக்கும் என்ற முடிவுக்குத் தாவிவிடக்கூடாது. அப்படித் தாவிய கதை ஒன்று உண்டு. 1993இல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் இசையைக் கேட்டபின், வடிவங்களை மனத்தால் மடித்துப் பார்க்கும் சோதனையில் கொஞ்சம் கூடுதல் புள்ளி எடுத்தார்கள். அந்தக் கூடுதல் கால் மணி நேரம்கூடத் தங்கவில்லை. அதில் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டுக் கொடுக்க அரசுப் பணம் கேட்டார். பின்னர் மெர் குழுவினர் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சில வாரம் இசை வகுப்பு நடத்தி, ஓவிய வகுப்புக்குப் போனவர்களோடு ஒப்பிட்டார்கள். அறிவுத்திறனில் நிலையான வித்தியாசம் தென்படவில்லை. 2013இல் அதை வெளியிட்டார்கள். ஆகவே கணக்கு வருவதற்காகப் பாட்டு என்று யாராவது முன்பள்ளிக் கட்டணம் கேட்டால் ஒரு கேள்வியாவது கேட்கலாம். கை சுத்தமாவது, சோறு இறங்குவது, சண்டை குறைவது, சொல் பெருகுவது ஆகியவை பாட்டின் கணக்கில் வரும் வரவுகள். அவையே போதிய வரவுகள்தாம்.

நடைமுறையில் சில கட்டுப்பாடுகள் உதவும். ஒரு வேலைக்கு ஒரே பாட்டு. கை கழுவும் பாட்டைத் தூங்கவைக்கப் பாடினால் இரண்டும் குழம்பும். வாரத்துக்கு ஒரு புதுப்பாட்டு என்று ஓட வேண்டாம். பெரியவருக்குச் சலித்த பாட்டு பிள்ளைக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கும். கடைசிச் சொல்லை விட்டு நிறுத்தினால் பிள்ளை நிரப்பும். பேசத் தயங்கும் பிள்ளையின் முதல் சொல் பல வேளை அந்த இடைவெளியில்தான் வரும். குரல் நன்றாக இல்லை என்ற கூச்சம் வேண்டியதில்லை. குழந்தைக்குத் தேவை பழகிய குரல்.

பாட்டு நேரத்தில் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று பிள்ளையின் காது. நாலைந்து மாதமாகியும் பாடும் பக்கம் கண்ணையோ தலையையோ திருப்பாத குழந்தை, அம்மாவின் முகம் தெரியாத இடத்திலிருந்து பாடினால் அசையாத குழந்தை, தாளம் கேட்டும் உடலசைக்காத ஒரு வயதுப் பிள்ளை ஆகியோரை “மெதுவாகத்தான் வருவான்” என்று விட்டுவிடக்கூடாது. செவிப்புலக் குறையைப் பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் இலக்கு. அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறார்களோ அவ்வளவு நல்லது. கிளினிக்குக்கு எடை பார்க்கப் போகும் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் “பாட்டுக்குத் திரும்பமாட்டேங்குது” என்று ஒரு வார்த்தை சொன்னால், அங்கிருந்து பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்ப வழி இருக்கிறது.